செரிச் சோடாவும் வெறுந்தட்டும்

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு மிஸிஸ் றொஸ்னர் கடைக்குள் வந்தார். ஜன்னலோர மேசையில் கைப்பையை வைத்து, ஒருவரையும் பார்க்காமல், "வழமையானது" என்றார். வெட்டுப் பலகைக்குப் பின்னால் நின்ற நவரட்ணம் துடைத்த கத்தியையே இன்னொருமுறை துடைத்தார். திங்கட்கிழமையிலிருந்து இந்த ஒரு சொல்லுக்குத்தான் அவர் பயந்துகொண்டிருந்தார்.

அவரோடு பின்னால் பாத்திரம் கழுவிவந்த சுபாங்கி ஜன்னலுக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "அண்ணை, பயமோ?"

"இல்லை. கத்தி ஈரமாக் கிடக்கு."

பத்தர்ஸ்ட் தெருவில் இருக்கும் அந்த யூதச் சாப்பாட்டுக் கடையில் இறைச்சியைக் கையால்தான் வெட்டுவார்கள். உப்பில் ஊறவைத்து வேகவைத்த மாட்டு நெஞ்சிறைச்சியை ஆவி பறக்க எடுத்து, நீளக் கத்தியால் சீவி, றை என்ற தானியத்தில் சுட்ட பாணுக்குள் அடுக்கிக் கொடுப்பதுதான் கடையின் பெருமை. முப்பது வருடம் அந்தக் கத்தியைப் பிடித்த லியோ இடுப்பெலும்பு மாற்றிக்கொண்டு வீட்டோடு நின்றுவிட்டார். அவருடைய இடத்துக்கு இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவன் முதல் நாளே விரலை வெட்டிக்கொண்டான். மற்றவன் வெட்டும் மெஷின் எங்கே இருக்கிறதென்று கேட்டான். முதலாளி ஹேர்ஷல் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தபோதுதான், பத்தொன்பது வருடமாகப் பின்னால் பாத்திரம் கழுவிய நவரட்ணம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து, "நான் வெட்டுகிறேன்" என்றார்.

ஹேர்ஷல் சிரிக்கவில்லை. நல்ல மனிதர். ஆனால் நியாயமான ஒரு கேள்வி கேட்டார். "நீ மாட்டிறைச்சி சாப்பிடுவதே இல்லை. இதன் ருசி உனக்கு எப்படித் தெரியும்?"

நவரட்ணத்திடம் அப்போது பதில் இருந்தது, சொல்ல இங்கிலீஷ் வரவில்லை. கடைசியில் ஒரு கிழமை பார்ப்பதென்று முடிவானது. வெள்ளிக்கிழமை, முப்பது வருட வாடிக்கையாளரான மிஸிஸ் றொஸ்னர் குறை சொல்லாமல் சாப்பிட்டால் கத்தி அவருக்கு. இல்லையென்றால் மெஷின் வாங்கப்படும், அவர் பழையபடி பின்னால் போகவேண்டியதுதான். ஐம்பத்தெட்டு வயதில் இன்னொருமுறை முன்னால் வரக் கேட்கும் துணிச்சல் தனக்கு வராதென்பது அவருக்குத் தெரியும். மிஸிஸ் றொஸ்னரோ லேசான ஆள் இல்லை. ஊசியால் தைத்ததுபோல வாயை வைத்துக்கொண்டு, பிடிக்காத தட்டை ஒரு விரலால் தள்ளிவிடுவார்.

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இந்தக் கடையில் அவர் ஏற்கெனவே ஒருமுறை மானம் போய் நின்றவர். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், வெக்ஸ்போர்ட் வீட்டில் மனைவி ஊற்றிக் கொடுத்த பால் தேத்தண்ணியைப் பிளாஸ்கில் கொண்டுவந்து, கடைக் கோப்பையிலே ஊற்றி, இறைச்சி மேசையில் வைத்துவிட்டார். நம்முடைய ஆட்கள் வேலைக்குப் போனால் பிளாஸ்கும் கூடப் போகும், அதில் என்ன குற்றம்? ஆனால் யூத முறைப்படி அந்தச் சமையலறையில் இறைச்சியோடு பால் சேரவே கூடாது. அன்று கடையைப் பாதி நாள் பூட்டிக் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள். எல்லோரும் கழுவ, குற்றவாளி பின்வாசலில் நின்றார். ஹேர்ஷல்தான் வெளியே வந்து, "இங்கே குடிப்பது இது" என்று செரிப்பழ ருசியூட்டிய ஒரு போத்தல் செரிச் சோடாவைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வேலை போகவில்லை. ஆனால் அந்தச் சிவப்புச் சோடா இருமல் மருந்துபோல இறங்கியது. அதற்குப் பிறகு அவர் அதைத் தொட்டதே இல்லை.

இப்போது அவர் இறைச்சியைப் பலகையில் வைத்தார். இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கும் துண்டு அது. மேலே நார் ஒரு பக்கம் ஓடும், கீழே வேறு பக்கம். நாருக்குக் குறுக்கே வெட்டினால் வாயில் கரையும், நாரோடு வெட்டினால் கயிறு. லியோ பாதியில் இறைச்சியைத் திருப்ப மறக்கும் நாட்களில், மென்று துப்பிய நார் தட்டோரங்களில் திரும்பி வருவதைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்தவர் நவரட்ணம். யார் எதை மிச்சம் விட்டார்கள், யார் எதை வழித்துத் தின்றார்கள் என்பது அந்தக் கடையில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு ஒருவருக்கும் தெரியாது. மிஸிஸ் றொஸ்னரின் தட்டில் ஒவ்வொரு வெள்ளியும் ஒரே மிச்சம். ஓரத்திலிருந்து வெட்டிய, கொழுப்பில்லாத, காய்ந்த இரண்டு துண்டு.

அவர் ஓரத்தை வெட்டி ஒதுக்கினார். நடுவுக்கு வந்தார். நார் திரும்பும் இடத்தில் இறைச்சியைத் திருப்பினார். கத்தி தானாக இறங்கியது.

மிஸிஸ் றொஸ்னர் பாணை விரலால் தூக்கி உள்ளே பார்த்தார். கடித்தார். நிறுத்தினார். மறுபடி கடித்தார். ஹேர்ஷல் காசு மேசையில் நின்று ஏதோ எழுதுவதுபோல நடித்தார். நவரட்ணம் அடுத்த ஆளுக்கு வெட்டத் தொடங்கினார். கண்ணை மட்டும் அடக்க முடியவில்லை.

பதினைந்து நிமிடம் கழித்து, ஒருநாளும் முன்னால் வராத சுபாங்கி ஒரு தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு பலகைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ."

தட்டில் ஒன்றும் இல்லை. பாணிலிருந்து உதிர்ந்த சீரகம் மாதிரியான விதைகளைக்கூட மனிசி விரலால் ஒற்றி எடுத்திருந்தார்.

மிஸிஸ் றொஸ்னரும் கைப்பையோடு பின்னாலேயே வந்து நின்றார். "காய்ந்த துண்டு வேண்டாமென்று லியோவிடம் முப்பது வருடம் சொன்னேன். காதில் விழவேயில்லை. உனக்கு யார் சொன்னது?"

"உங்கள் தட்டு" என்றார் நவரட்ணம். இந்தமுறை இங்கிலீஷ் வந்தது.

மிஸிஸ் றொஸ்னர் கைப்பையைத் திறந்தார். பிறகு ஹேர்ஷலிடம் திரும்பி, "இன்னும் அரை றாத்தல் கட்டித் தா. இவர் வெட்டினால் மட்டும்" என்றார்.

வெள்ளி மாலையில் தொடங்கும் யூத ஓய்வுநாளான சபாத்துக்காகக் கடையை இரண்டு மணிக்கு மூடினார்கள். நவரட்ணம் கத்தியைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுத் திரும்பியபோது, ஹேர்ஷல் ஜன்னலோர மேசையின் கதிரையை இழுத்து வைத்திருந்தார். அதே மேசை. பத்தொன்பது வருடத்தில் அவர் அதைத் துடைத்திருக்கிறார், உட்கார்ந்ததில்லை. வெள்ளிக்கிழமை அவர் மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவார் என்பது ஹேர்ஷலுக்கும் தெரிந்திருந்தது. உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட கினிஷ், றை பாண், மஸ்டர்ட் என்ற கடுகுச் சாந்து, உப்புநீரில் ஊறிய வெள்ளரிக்காய். பக்கத்தில் வியர்த்துக்கொண்டு ஒரு போத்தல் செரிச் சோடா.

நவரட்ணம் போத்தலைச் சற்றுத் தள்ளி வைத்தார். பிறகு வெள்ளரிக்காயை நறுக்கென்று கடித்தார். மஸ்டர்ட் மூக்குக்குள் ஏற, கண் கலங்க, சோடாவை எடுத்து ஒரு வாய் குடித்தார். உப்பையும் புளிப்பையும் காரத்தையும் செரி இனிப்பு வந்து ஒரேயடியாக அள்ளிக்கொண்டு போனது. அட, இதற்குத்தானா இது! வெறும் வயிற்றில், பின்வாசலில், அவமானத்தோடு குடித்தால் எந்தச் சோடாதான் ருசிக்கும்? சந்தோஷத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்கவில்லை. கினிஷைப் பிட்டு மஸ்டர்டில் தோய்த்தார், குடித்தார், மறுபடி தோய்த்தார்.

"இன்னொண்டு எடுக்கட்டோ அண்ணை?" சுபாங்கி உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஓம், உனக்கும் ஒண்டு எடு. இங்க வந்து இருந்து குடி."

அவள் இரண்டு போத்தல்களோடு வந்தபோது, அவர் கடைசிப் பாண் துண்டால் தட்டைச் சுற்றி வழித்து வாயில் போட்டுக்கொண்டு, அந்தத் தட்டை ஒரு விரலால் அவள் பக்கம் தள்ளினார். அவளும் பழக்கதோஷத்தில் அதைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, மிச்சம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தாள்.