அறுபத்திரண்டு பைகள்

சுவாதி மேடம் காரிலிருந்து இறக்கிய சாக்கை அவிழ்த்ததும் எனக்கு உச்சந்தலைக்குக் கோபம் ஏறியது. உள்ளே முழுக்க நீல நாடாக்கள். ஐடி கார்டைக் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வோமே, அதே நாடா. கம்பெனியில் அதை டேக் என்போம். ஏழு வருஷம் என் கழுத்திலும் ஒன்று தொங்கியது.

"அக்கா, உங்க பை சூப்பரா இருக்கு. ஆனா இந்தக் காடாத்துணிப் பட்டை எல்லாப் பையிலயும் இருக்கு. எங்களுக்கு மட்டும் இந்த டேக்கைப் பட்டையா வெச்சுத் தெச்சுக் குடுங்க. மகளிர் தின ஃபங்ஷனுக்கு வர்ற கெஸ்டுங்களுக்கு கிஃப்ட்."

ஒரகடம் கூட்ரோட்டில் மருந்துக்கடை வாசலில் நான் தைத்து விற்கும் பைகள் தொங்கும். அங்கே பார்த்துவிட்டு விலாசம் கேட்டு வந்திருந்தாள். ஹெச்.ஆரில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது.

"இது யாருதுங்க மேடம்?"

"யாரோ பழைய ஆளுங்களோடது. ஸ்டோர்ல சும்மா கெடந்துச்சு. கம்பெனி பேர் வெளிய தெரியணும்கா. பின்னாடி என்னென்னமோ கிறுக்கி வெச்சிருக்காங்க, அது உள்பக்கம் போயிடட்டும்."

கிறுக்கலாம். அது என்ன கிறுக்கல் என்று எனக்குத் தெரியும். மெஷின் பக்கத்தில் கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது. லைனுக்குள் நுழையும்போது டேக்கைக் கழற்றி ஆணியில் மாட்ட வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் ஒவ்வொரு கார்டாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் கம்பெனி பஸ் போய்விடும். அதனால் கழுத்துக்குப் பின்னால் வரும் இடத்தில், நாடாவின் உள்பக்கம், மார்க்கரால் பெயரை எழுதிவைப்போம். அமலா. கலைமதி. சந்திரலேகா. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அடியில் கிடந்தது என்னுடையது. வேல்விழி, லைன் 3. அறுந்த இடத்தில் நானே போட்ட சிவப்பு நூல் தையல் அப்படியே இருந்தது.

போன ஆகஸ்டில் எங்கள் அறுபத்திரண்டு பேரையும் ஒரே நாளில் வேலையை விட்டு நிறுத்தினார்கள். கேட்டில் செக்யூரிட்டி நடேசன் ஒவ்வொருவர் கழுத்திலிருந்தும் டேக்கைக் கழற்றச் சொல்லி வாங்கி அட்டைப்பெட்டியில் போட்டான். லேபர் ஆபீசில் வழக்குப் போட்டோம். கம்பெனி வக்கீல் என்ன சொன்னார் தெரியுமா? "இவங்க எங்க ஆளுங்களே இல்ல. எங்க லைன்ல வேலை செஞ்சாங்கன்னு சொல்ல ஒரு துண்டுச் சீட்டு இருக்கா?" இல்லை. எங்களை வேலைக்குச் சேர்த்துவிட்ட காண்ட்ராக்டர் போனை அணைத்துவிட்டுத் தலைமறைவாகிவிட்டான். வெறுங்கையோடு நின்றோம். அடுத்த விசாரணைக்கு ஆதாரம் கொண்டுவரவில்லை என்றால் வழக்கை முடித்துவிடுவதாக ஆபீசர் சொல்லியிருந்தார்.

இப்போது எங்கள் கழுத்தில் கிடந்ததை எங்கள் கையாலேயே தைத்து யாரோ பெரிய மனுஷிகளின் தோளில் மாட்டிவிட வேண்டுமாம். அதுவும் மகளிர் தினத்துக்கு. சாக்கைத் தூக்கித் தெருவில் எறியக் கை பரபரத்தது.

"முடியாது மேடம், எடுத்துக்கினு போங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் ஒரு மஞ்சள் காகிதத்தை நீட்டினாள். "கேட் பாஸ்கா. பையைக் கொண்டு வரும்போது இதைக் கேட்ல குடுத்தாதான் உள்ள விடுவாங்க."

எங்கள் கம்பெனியில் ஒரு திருகாணி வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும். என்ன பொருள், எத்தனை, எங்கிருந்து வந்தது என்று எழுதாமல் நடேசன் கதவைத் திறக்கமாட்டான். ஏழு வருஷம் பார்த்துப் பழகிய இங்கிலீஷ் என்பதால் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஐடி டேக், அறுபத்திரண்டு. லைன் 3-இல் வேலை செய்து நிறுத்தப்பட்ட நம் தொழிலாளர்களிடமிருந்து திரும்பப் பெற்றது. போன ஆகஸ்ட் தேதி. கீழே ஸ்டோர் மேனேஜர் கையெழுத்து, கம்பெனி சீல்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"எப்போ வேணும் மேடம்?"

"பத்து நாள்ல முடியுமாக்கா?"

"முடியும்."

அவள் கார் தெருமுனை திரும்பியதும் அமலாவுக்குப் போன் போட்டேன். லைனில் எனக்குப் பக்கத்து மேசைக்காரி. வழக்குக்கு முதல் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான்.

"இன்னாடி சொல்ற?" என்றாள். "அவுங்களே எழுதிக் குடுத்துக்கீறாங்களா?"

"சீல் குத்திக் குடுத்துக்கீறாங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

பத்து நாளும் தைத்தேன். நாடா மெலிசு, தோளை அறுக்கும் என்று அடியில் தடித்த துணி வைத்து இரட்டைத் தையல் போட்டேன். என் வேலையில் ஒருத்தி குறை சொல்லிவிட முடியாது. ஒன்றை மட்டும் அவள் சொன்னபடி செய்யவில்லை. கம்பெனி பேரை உள்ளே மடித்துவிட்டு எங்கள் பெயர்களை வெளியே வைத்தேன். கழுத்துக்குப் பின்னால் இருந்த பெயர் சரியாகத் தோள் மேட்டில் வந்து உட்கார்ந்தது.

பதினோராம் நாள் காலை ஷேர் ஆட்டோவில் மூட்டையோடு கேட்டில் இறங்கினேன். நடேசனுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினான்.

"கேட் பாஸ்."

கொடுத்தேன். விரித்துப் பார்த்தான்.

"ஜெராக்ஸா கீது. இத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? ஒரிஜினல் எங்க?"

மூட்டையை அவிழ்த்து மேலே கிடந்த பையை அவன் மேசைமேல் வைத்தேன். பட்டையில் என் பெயர் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. சிவப்பு நூலையும் நான் பிரிக்கவில்லை.

"ஆதாரம் எங்கன்னு கேட்டாங்க இல்ல," என்றேன், "அவங்ககிட்ட கீது. காஞ்சிபுரம் லேபர் ஆபீஸ்ல. நேத்து குடுத்துட்டுக் கையெழுத்து வாங்கிக்கினு வந்துட்டேன்."

அவன் காகிதத்தைத் திரும்பப் படித்தான். இந்த முறை மெதுவாக, கடைசி வரி வரைக்கும் படித்தான். பிறகு போனை எடுத்து ஹெச்.ஆரைக் கூப்பிட்டான். மேடம் வரும்வரை நான் உட்காரவில்லை. அன்றைக்கு எங்களை நிறுத்திவைத்த அதே இடத்தில், வாசல் நடுவில், மூட்டைக்குப் பக்கத்தில் நின்றேன்.