தரை எடுத்துக்கொண்ட பன்னிரண்டு பக்கங்கள்

கடலூர் முதுநகரில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் ஆரோக்கிய ஜெகனின் வீட்டுத் தரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு காமிக்ஸ் புத்தகங்களை உள்ளே இழுத்துக்கொள்ளத் தொடங்கியது. அன்று துறைமுகத்தில் மத்தி மலிவாக வந்திருந்தது; வெயில் எப்போதும்போல அடித்தது. கட்டிலுக்கு அடியில் கூட்டுவதற்காக ஜெகனின் மனைவி ஜோதி மேரி அங்கே கிடந்த புத்தகக் கட்டு ஒன்றைத் தூக்கித் தரையில் வைத்தாள். மேலே இருந்த ஜெராக்ஸ் புத்தகம் ஒன்று சரிந்து விழுந்து, தயிரில் கரண்டி இறங்குவதுபோல சிமெண்டுக்குள் இறங்கிப் போனது. தரையில் கீறல் கூட இல்லை. அவள் அந்த இடத்தையும் சேர்த்துக் கூட்டிவிட்டு, துறைமுகத்தில் இருந்த கணவனுக்குப் போன் செய்தாள்.

ஜெகன் சேர்த்துவந்தது அண்டர்கிரவுண்டு காமிக்ஸ், மறைவாகக் கைமாறும் படக்கதைகள். எது அண்டர்கிரவுண்டு என்பதில்தான் அவருக்கும் சிதம்பரத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் இளவரசிக்கும் பல வருடமாகத் தகராறு. இருவரும் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஒரே புத்தகத்தின் இரு முனைகளைப் பிடித்தபோது அறிமுகமானவர்கள். விலை அச்சடித்துக் கடையில் தொங்குவது எதுவும் அண்டர்கிரவுண்டு ஆகாது என்பது ஜெகனின் கட்சி. யார் வரைந்தது என்று தெரிந்தால் வரைந்தவருக்கு வம்பு வரவேண்டும், அதுதான் அண்டர்கிரவுண்டு என்பது இளவரசியின் கட்சி. இதற்காகத் தொடங்கிய வாட்ஸப் குழு மூன்றாக உடைந்து, கடைசியில் எல்லாக் குழுவிலும் இவர்கள் இருவர் மட்டுமே மிஞ்சினார்கள். ஒரு ஞாயிறு கடலூரில், அடுத்த ஞாயிறு சிதம்பரத்தில் என்று சண்டை நடந்தது. கட்டிலுக்கு அடியில் கிடப்பதெல்லாம் அண்டர்கிரவுண்டுதான் என்று ஜோதி மேரி சொன்னதை இருவரும் பொருட்படுத்தவில்லை.

இப்போது தரையே தீர்ப்புச் சொல்ல முன்வந்ததில் ஜெகனுக்குத் தலைகால் புரியவில்லை. தன்னிடம் இருந்ததிலேயே பெரிதென்று நினைத்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தார். புதுச்சேரியில் அலைந்து திரிந்து வாங்கிவந்த தொகுப்பு, வெயிலில் காயும் அப்பளம்போல அப்படியே கிடந்தது. ஆனால் விடுதி மாணவன் ஒருவன் சாம்பாரைப் பற்றி வரைந்த நாலு பக்கம் உடனே உள்ளே போனது. பாடற்குழுவில் யாரோ பெயர் போடாமல் ஆர்மோனியத்தைப் பற்றி வரைந்ததும் போனது. ஜெகன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், தான் தோற்றதும் ஒரு சுவாரசியம்தான் என்று தேறிக்கொண்டு இளவரசியை வரச் சொன்னார்.

இளவரசி ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். சில போயின, சில கிடந்தன. கடைசியாக அவள் பன்னிரண்டு பக்கப் புத்தகம் ஒன்றைக் குப்புற வைத்தாள். தரை அதை வாங்கிக்கொண்ட வேகத்தில் ஜன்னல் திரை ஆடியது. யாருடையது என்று ஜெகன் கேட்டார். பழைய கடையில் கிடைத்தது என்று அவள் பொய் சொன்னாள்.

அது அவளே வரைந்தது. பல வருடங்களுக்கு முன் புவனகிரிக் கல்யாண மண்டபம் ஒன்றில், முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை, பட்டுப்புடவையோடு பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டுவிட்டு, சமையல்கட்டு வழியாக வெளியேறி மினிபஸ் ஏறிப்போன மணப்பெண்ணின் கதை. அந்தப் பெண் அவள்தான். படிப்பை முடிக்க வேண்டும் என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வீட்டார் பெண்ணுக்கு மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொல்லிச் சமாளித்தார்கள். மாப்பிள்ளைக்குச் செய்த அவமானம் மட்டும் அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது. கிழிக்கவும் மனமில்லாமல், காட்டவும் துணிவில்லாமல் அந்தப் புத்தகத்தைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தாள். இனி யார் கண்ணிலும் படாது என்ற நிம்மதியோடு பஸ் ஏறியவளுக்கு, ஆலப்பாக்கம் தாண்டும்போது ஏனோ அழுகை வந்தது.

அந்தப் பருவத்தில் ஸ்ரீமுஷ்ணத்தில் வேர்க்கடலை பிடுங்கியபோது, கொளஞ்சியப்பன் என்பவரின் கொல்லையில் ஒரு செடியோடு அந்தப் புத்தகமும் வந்தது. கடலைகளுக்கு நடுவே, நனையாமல், வேர் சுற்றிக்கொண்டு. பூமியையே கீழேயிருந்து தூக்கிவந்த பெருமாளின் ஊர் என்பதால் கூலியாட்கள் பெரிதாக வியக்கவில்லை. மண்ணை உதறி அவரிடம் கொடுத்தார்கள். நின்ற இடத்திலேயே படித்தவர் மூன்றாம் பக்கத்தில் தன் முகத்தைக் கண்டுகொண்டார். அவர்தான் அந்த மாப்பிள்ளை.

அடுத்த ஞாயிறு அவர் விசாரித்துக்கொண்டு வந்து சிதம்பரத்தில் இளவரசி வீட்டு வாசலில் மஞ்சள் பையோடு நின்றார். உள்ளே ஜெகன் இருந்தார். அவரை அடையாளம் கண்ட இளவரசி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க, சண்டைக்கு வரல" என்றார் கொளஞ்சியப்பன். "படத்துல என் காதைத்தான் கொஞ்சம் ஜாஸ்தியா போட்டுட்டீங்க."

உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு, அவள் வரையாத பக்கத்தை அவர் சொன்னார். அவருக்கும் அந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை. தமிழ்ச்செல்வி என்று ஒருத்தியை மனதில் வைத்திருந்தார். வீட்டில் சொல்லத் தைரியமில்லை.

"அன்னிக்கு நானும் சமையக்கட்டு வழியா ஓடிப்போவலாம்னுதான் வந்தேன். பாத்தா நீங்க முன்னாடி போறீங்க. சரி, ஒருத்தர் போனா போதும்னு நின்னுட்டேன்."

"அப்போ யாருகிட்டயும் சொல்லலியா?"

"நீங்க மினிபஸ் ஏறற வரைக்கும் பாத்துட்டுத்தான் உள்ள போனேன். பொண்ண பாத்தியான்னு கேட்டாங்க. பாக்கலன்னுட்டேன்."

இளவரசி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். கையை எடுத்தபோது கண் நனைந்திருந்தது. அந்த வருடமே தமிழ்ச்செல்வியைக் கட்டிக்கொண்டதாகவும், புத்தகம் ஊரெல்லாம் கைமாறுவதாகவும், படித்ததிலிருந்து அடுத்த பாகம் எங்கே என்று அவள் நச்சரிப்பதாகவும் அவர் சொன்னார். பையில் இருந்தது அவள் கொடுத்தனுப்பிய கடலை.

ஸ்ரீமுஷ்ணத்தில் பாதிப் பேர் படித்துவிட்ட ஒன்றை இனி அண்டர்கிரவுண்டு என்று எப்படிச் சொல்வது என்று ஜெகன் கடலையை உரித்துக்கொண்டே ஆரம்பித்தார். வரைந்தவளுக்கு வம்பு வரவில்லையே என்று இளவரசி தன் கட்சியையே சந்தேகித்தாள். தன் கைக்குக் கிடைத்தபோது அது மண்ணுக்கு அடியில்தான் இருந்தது, அதற்கு மேல் தனக்குத் தெரியாது என்றார் கொளஞ்சியப்பன். மூன்று பேருக்கும் பொழுது போனதே தெரியவில்லை.

இளவரசி இரண்டாம் பாகத்தை மழைக்காலத்துக்குள் வரைந்து முடித்து, அட்டையில் முதல்முறையாகத் தன் பெயரை எழுதினாள். ஜெகன் வீட்டுத் தரையில் வைத்துப் பார்த்தார்கள். அது இறங்கவில்லை. இளவரசி அதை எடுத்துத் துடைத்து, பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் கடையில் நூறு பிரதி எடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள்.

சாம்பார் புத்தகம் குமராட்சிப் பக்கம் போர்வெல் போட்டபோது வந்ததாகத் தகவல். யார் யாரோ எங்கெங்கோ ஒளித்துவைத்தவையும் இப்போது மண்ணிலிருந்து வருகின்றன. ஸ்ரீமுஷ்ணத்தில் கடலை பிடுங்கும் பெண்கள், கிடைப்பதை வரப்பில் காயப்போட்டு, சாப்பாட்டு வேளையில் ஒருத்தி படிக்க மற்றவர்கள் கேட்கிறார்கள். மழை பொய்த்த ஆண்டில் நாலு பக்கத்துக்கு மேல் வருவதில்லை. போன பருவம் நல்ல பருவம். இரண்டு கொல்லைகளில் கலரிலேயே வந்தது.