முகாமைப் பார்த்த அன்டெனா

பதுர்தீன் நானா மூன்று பெட்டிகளைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். மாத்தளையில் திருகோணமலை வீதியில் அவருடைய கடை. ரேடியோ, டிவி, கல்குலேட்டர் விற்றவர் இப்போது இன்டர்நெட்டும் விற்றார்.

"இது டொங்கிள். வெரல் நீளந்தான், கொம்பியூட்டர்ல குத்தினா சரி. இது மேசையில வெக்கிற போன், இதுல இருந்து வயர் கொம்பியூட்டருக்குப் போகும். இது அதே போன்தான், கூரைக்கு மேல போடுற அன்டெனாவும் சேத்து."

"எது நானா நல்லா வேலை செய்யும்?"

"ஒங்க வீடு எங்க?"

"பலாபத்வெல. மலைக்குக் கீழ."

"அப்ப கூரை."

"கூரை வேணாம் நானா."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. 2008ஆம் ஆண்டு, தம்புள்ளையில் பஸ்ஸில் குண்டு வெடித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு தமிழ் வீட்டுக்காரன் கூரையில் கம்பி ஏற்றப் பயப்படுவதற்குக் காரணம் கேட்கத் தேவையில்லை.

"மொதல் ரெண்டையும் கொண்டு போய்ப் பாருங்க. சரிவராட்டித் திருப்பித் தாங்க. பெட்டியக் கிழிச்சிராதீங்க" என்றார். மூன்றாவது பெட்டியிலிருந்த விளக்கத் தாளை மட்டும் படித்துப் பார்க்கச் சொல்லிக் கையில் திணித்தார்.

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தோடு படிப்பை விட்டவன். தம்புள்ளைச் சந்தையில் இரவு வேலை, லொறிகளின் எடைத் துண்டு எழுதுவது. மாலை நாலரைக்கு பஸ் ஏறினால் நாவுலச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்குவார்கள். மற்றவர்கள் ஏறிவிடுவார்கள். என் அடையாள அட்டையை மட்டும் வைத்துக்கொள்வார்கள். இரண்டு முறை பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. மூன்றாம் முறை மறுநாள் மத்தியானம் வரைக்கும் மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். யாரும் அடிக்கவில்லை. என்னைவிட வயது குறைந்த ஒரு சிப்பாய், அப்பா எங்கே பிறந்தார் என்று மணிக்கொரு தரம் கேட்டான். நான் யாழ்ப்பாணம் என்று மணிக்கொரு தரம் சொன்னேன். அதற்குப் பிறகு பஸ் பிரேக் பிடிக்கும் சத்தமே எனக்கு ஆகாமல் போயிற்று. ஒரு நாள் காற்சட்டையை நனைத்துவிட்டேன். மடியில் பையை வைத்து மறைத்துக்கொண்டு தம்புள்ளை வரை போனேன்.

கொழும்பில் ஒரு கம்பனி, வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பற்றுச்சீட்டுகளை வீட்டிலிருந்தே தட்டச்சு செய்ய ஆள் தேடியது. வியாழன் காலை பத்து மணிக்கு அங்கிருந்து என் லைனைச் சோதிப்பார்கள். அரைமணி நேரம் விழாமல் நின்றால் வேலை. வேலை கிடைத்தால் பஸ் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

டொங்கிளுக்கு வீட்டுக்குள் ஒரு சிக்னல் கோடுகூட வரவில்லை. மேசை போனைத் தூக்கிக்கொண்டு அம்மா வீடு முழுக்க நடந்தார்.

"குசினியிலை ரெண்டு கோடு காட்டுது."

"அப்படியே வைங்கம்மா."

"அம்மியிலையோ வைக்கிறது?"

அம்மிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தோம். ஏழாவது நிமிடம் லைன் விழுந்தது. அடுத்த முறை நாலாவது நிமிடம்.

அப்பா மாணிக்கவாசகம் நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். விளக்கத் தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கூரையிலை போடுறதுதான் சரி. ஆனால் முதல் பொலிசுக்கு எழுத்திலை அறிவிக்க வேணும்."

"அப்படி சட்டம் இருக்காப்பா?"

"இல்லை."

"பொலிஸ் கேட்டிச்சா?"

"கேக்க முதல் குடுத்தால் சந்தேகம் வராது. உனக்குக் கந்தோர் நடைமுறை தெரியாது, தம்பி."

"கேக்காத ஆளுக்கு என்னத்துக்குப் பதில் சொல்றீங்க?"

அவர் எழுதினார். சிங்களத்தில், முத்து முத்தான கையெழுத்தில், இரண்டு பிரதி. அன்டெனாவின் மாதிரி இலக்கம், நீளம், செவ்வாய்க்கிழமை காலை பொருத்தப்படும் என்ற விவரம் எல்லாம் இருந்தது. பொலிசில் கொடுத்து, தன் பிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டு, பென்ஷன் எடுத்த நாளைப் போல நிமிர்ந்து நடந்து வந்தார்.

அதுவரை பொலிசில் எங்கள் வீட்டைப் பற்றி ஒன்றும் இருக்கவில்லை. இப்போது ஒரு கடிதம் இருந்தது. அதில் அன்டெனா என்ற சொல் நாலு இடத்தில் வந்தது. செவ்வாய் காலை, கூரை வேண்டாம், மேசை போனே போதும், விழுந்தால் விழட்டும் என்றேன்.

"கடிதம் குடுத்தாச்சு" என்றார் அப்பா.

"அப்ப போய்த் திருப்பி வாங்கிட்டு வாங்க."

"குடுத்த கடிதத்தைத் திருப்பிக் கேக்கிறதோ? அதைவிடச் சந்தேகம் வேறை இல்லை."

புதன் காலை ஜீப் வந்தது. ஒரு சார்ஜன், ஒரு கான்ஸ்டபிள். சார்ஜனின் கையில் அப்பாவின் கடிதம் இருந்தது. கூரையைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். பேச்செல்லாம் சிங்களத்தில்.

"அன்டெனா எங்கே?"

"இன்னும் போடல, சார்" என்றேன்.

"நேற்று போடுவதாக எழுதியிருக்கிறது."

"வேணாம்னு விட்டுட்டோம், சார்."

"அப்படியென்றால் எங்கே அது?"

"கடையில இருக்கு."

"கடையில் இருக்கிற சாமானின் நம்பர் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

விளக்கத் தாளைப் பார்த்து எழுதியதாக அப்பா சொல்லத் தொடங்கினார். அவருடைய சிங்களம் எங்கள் எல்லாருடையதையும்விடச் சுத்தம். பாதி வாக்கியத்தில் விட்டுவிட்டுத் தாளைத் தேடி மேசையைக் கிளறினார். அவசரத்தில் அது கைக்கு அகப்படவில்லை.

கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள். அலுமாரியைத் திறந்தார்கள். அரிசி வாளிக்குள் கான்ஸ்டபிள் முழங்கை வரை கைவிட்டான். குசினி ஸ்டூலில் மேசை போன் அகப்பட்டது.

"இது ஒன்று. மற்றது?"

சார்ஜனுக்குக் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கடைக்குப் போகலாம், ஏறு என்றார். அம்மா என் அடையாள அட்டையை எடுத்து வந்து என் பையில் வைத்தார்.

ஜீப்பில் பதுர்தீனைப் பற்றி மட்டும் யோசித்தேன். அவருக்குக் கடை இருக்கிறது, கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். பொலிசோடு வந்து இறங்குகிறவனை இதற்கு முன் பார்த்ததேயில்லை என்று அவர் சொல்லலாம். அவர் இடத்தில் இருந்தால் நான் அப்படித்தான் சொல்வேன்.

"இந்தப் பையனைத் தெரியுமா?" என்று கேட்டார் சார்ஜன்.

பதுர்தீன் நானாவின் கை கண்ணாடி மேசையில் பரவிக் கிடந்தது. அதை எடுத்தபோது ஐந்து விரலின் ஈரமும் கண்ணாடியில் நின்றது.

"தெரியும், மாத்தயா. அவருக்காக எடுத்து வெச்சிருக்கேன்."

பெட்டியைக் கொண்டுவந்தார். சார்ஜன் பெட்டியின் இலக்கத்தைக் கடிதத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். கான்ஸ்டபிள் வாசலில் நின்று கடலை தின்றான். எல்லா இலக்கமும் பொருந்தியது.

"சரி. இன்றைக்கே கூரையில் போடு."

"வேணாம், சார். நான் அது இல்லாமலே..."

"அன்டெனா ஒன்று இருப்பதாக நான் எழுதியாகிவிட்டது. கூரையில் இருந்தால் ரோட்டில் போகும்போது பார்த்துக்கொள்வேன். பெட்டியில் இருந்தால் அது எங்கே போகிறது என்று நான் தினமும் தேட வேண்டும். உன்னையும்தான்."

இப்படித்தான் நான் என் சாமானைத் தெரிவு செய்தேன்.

ஜீப் போன பிறகு பதுர்தீன் நானா ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"ஒங்க வாப்பா படிச்ச மனிசன்" என்றார். "படிக்காத ஆக்களால எனக்கு இப்படி ஒரு நாளும் வவுறு கலங்கினதில்ல."

அன்று பின்னேரம் அவரே கூரைக்கு ஏறினார். ஏறுமுன் என் தோளைத் தொட்டார். "மேல நிண்டு தமிழ்ல கத்த ஏலாது தம்பி. வந்திச்சான்டு சிங்களத்துல 'ஆவாத'ன்டு கேப்பேன். வந்தா 'ஆவா', வராட்டி 'நே'. வேற ஒண்டும் பேச வேணாம்." நான் உள்ளே போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆவாத?"

"நே."

டவுன் பக்கம் திருப்பினார். இரண்டு கோடு. கிழக்கே ஒன்று. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. அவர் இன்னும் கொஞ்சம் திருப்பினார். நாலு கோடும் ஒன்றாக ஏறி நின்றன.

"ஆவா" என்றேன்.

வெளியே வந்து பார்த்தேன். அன்டெனா எதிர்மலையைப் பார்த்து நின்றது. அந்த மலையில்தான் போன் கம்பனியின் சிக்னல் கோபுரம். கோபுரத்தின் வேலியும் இராணுவ முகாமின் வேலியும் ஒன்று.

"வேற பக்கம் இருக்கா, நானா?"

"இருக்கு. கோடுதான் இல்ல."

வியாழன் பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து சோதித்தார்கள். அரைமணி நேரமும் லைன் விழவில்லை. திங்கட்கிழமை தொடங்கச் சொன்னார்கள். அப்பா ஒரு பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்கவில்லை.

பதினொரு மணிக்கு சார்ஜன் வந்தார். அன்டெனாவுக்கு நேர் கீழே நின்று, அது பார்க்கும் திசையில் கையை நீட்டி, கை போன வழியே மலையைப் பார்த்தார்.

"முகாமைப் பார்க்கிறது."

"கோபுரம் அங்கதான் இருக்கு, சார்."

"எனக்கும் தெரியும்." நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். "திசையை எழுதிவிட்டேன். இனித் திருப்பாதே."

பன்னிரண்டு நாள் பஸ் ஏறாமல் வேலை செய்தேன். பதின்மூன்றாம் நாள் விடிய, கச்சான் காற்று அன்டெனாவை மூன்று விரற்கடை திருப்பிவிட்டிருந்தது. லைன் இரண்டு கோட்டில் நின்று நின்று விழுந்தது. மத்தியானத்துக்குள் சரிசெய்யாவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுப்பதாகக் கொழும்பிலிருந்து சொன்னார்கள். மறுபடியும் பொலிசுக்கு எழுத அப்பா தாளை எடுத்தார். அதைப் பிடுங்கி நாலாகக் கிழித்தேன். அவரிடம் நான் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

இருட்டில் ஏறியிருக்கலாம். இருட்டில் ஏறுகிறவனைச் சுடுவார்கள். ஒன்பது மணிக்கு, ரோட்டில் வான்களும் ஆட்களும் போய்க்கொண்டிருந்த நேரத்தில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினேன். அம்மா வாசலில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகாம் பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். பார்க்காமல் திருப்ப முடியவில்லை. ஓடு காலுக்குக் கீழே முனகியது. ஒரு விரற்கடை திருப்பினேன்.

"நே" என்றார் அம்மா.

இன்னொரு விரற்கடை.

"நே."

கீழே ஒரு ஜீப் வேகத்தைக் குறைத்தது. நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் ஒளிப்பது போலத் தெரியும். இன்னும் ஒரு விரற்கடை திருப்பினேன்.

"ஆவா" என்றார் அம்மா.