துக்கம் விசாரிக்கப் பழகியவர்

அபுல் ஹஸன் மௌத்தாகிவிட்டார் என்று காலையில் செய்தி வந்தபோது அஸீஸாவுக்கு அழுகை வரவில்லை. புருஷன் என்கிற இந்த மனிசனை இன்றைக்கு எப்படிச் சமாளிக்கப் போகிறேன் என்ற யோசனைதான் வந்தது. மௌத்தானவர் தூரத்து ஆள் இல்லை. அவளுடைய புருஷனின் ஒரே தங்கச்சி சல்மா உம்மாவைக் கட்டியவர். மகள் றிஸ்னாவுக்குப் பேசி வைத்திருக்கும் இன்பாஸின் வாப்பா. நல்ல மனிதர். அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவும் நேரமில்லாமல், புருஷனைக் கதிரையில் இருத்திப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது.

“ஆராவது அழுதா என்ன செய்யணும்?” என்று கேட்டாள்.

“தலையைக் குனியணும். தோள்ல கைய வெக்கணும். சபூர் செய்யுங்க, அல்லாஹ் லேசாக்குவான் எண்டு சொல்லணும்,” என்று, பொறுமையாக இருக்கச் சொல்லும் அந்த வார்த்தைகள் வரை மீராமுகைதீன் ஒப்புவித்தார்.

“கைய எப்ப எடுக்கணும்?”

அவர் முழித்தார். அந்த இடத்தில்தான் அவர் எப்போதும் முழிப்பார். அழுகிறவர் ஆறிவிட்டாரா இல்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க அவரால் ஏலாது. பழக்குவதற்காக அஸீஸாவே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிற மாதிரி நடிப்பாள். அவர் கை வைப்பார். போதுமா என்று கேட்டு, போதும் என்று அவள் சொன்ன பிறகு எடுப்பார். கலியாணம் முடித்து இத்தனை வருசத்துக்குப் பிறகு புருஷனுக்கு இரக்கம் சொல்லிக்கொடுக்க வேண்டி வருமென்று எவள் நினைப்பாள்.

அதுவும் எப்பேர்ப்பட்ட புருஷன். கல்முனையில் பள்ளிவாசல் மரைக்காயராக இருந்தவர். புருஷன் பெண்சாதி சண்டை, காணி எல்லைச் சண்டை எது வந்தாலும் அவரிடம்தான் வரும். வந்தவர்கள் வாய் திறக்கும் முன்பே யாருக்கு எங்கே நோகிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அடுத்தவர் அழுதால் தானும் சேர்ந்து அழுதுவிடுவார். ஆம்பிளைக்கு இவ்வளவு கண்ணீரா என்று அஸீஸா கேலி செய்ததும் உண்டு.

மட்டக்களப்பில் மூளை டாக்டர் ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பொறுமையாகத்தான் விளக்கினார். நெற்றிக்குப் பின்னால் ஒரு பகுதி சுருங்கிக்கொண்டு போகிறது. அடுத்தவர் நோவைத் தன் நோவாக உணர வைப்பதில் அந்தப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. வெட்கம், கூச்சம், இந்த இடத்தில் இதைக் கதைக்கலாமா கூடாதா என்ற கணிப்பு எல்லாம் அதோடு சேர்ந்துதான் கெடும். ஞாபகம் இப்போதைக்கு இருக்கும். வழி தவறமாட்டார், தொழுகை மறக்கமாட்டார், நெல் விலை கேட்டால் சரியாகச் சொல்வார். அதனால் அவருக்கு வருத்தமென்று, நோயென்று ஒருவரும் நம்பமாட்டார்கள் என்றார் டாக்டர். அது அப்படியே பலித்தது. மரைக்காயருக்குப் பெருமை பிடித்துவிட்டது என்று ஊர் பேசியது. பேசட்டும் என்று அஸீஸா விட்டுவிட்டாள். மூளை வருத்தம் என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள். பைத்தியக்காரன் வீட்டில் எவன் பெண் எடுப்பான்?

அவர்கள் ஊர்களில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பான். அப்படியென்றால் இன்பாஸ் வரப்போவது இதே வீட்டுக்கு, இதே மனிதரோடு இருக்க. கலியாணம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டிருந்தாள்.

அட்டாளைச்சேனையில் மௌத்து வீடு நிறைய ஆட்கள். ஆண்கள் வாசலில் தகரப் பந்தலின் கீழ், பெண்கள் உள்ளே. அவளுக்குப் பெரிய தலையிடி அதுதான். பக்கத்தில் இருந்தால் கையைக் கிள்ளியாவது அடக்கலாம். அதற்காக அவருடைய சட்டைப் பையில் போனை வைத்திருந்தாள். ஒரு தரம் அதிர்ந்தால் வாயை மூட வேண்டும், விடாமல் அதிர்ந்தால் எழும்பி வர வேண்டும். காலையில் அது நன்றாகவே வேலை செய்தது. ஜன்னல் சீலையை விலக்கி விலக்கிப் பார்த்து அவள் போனை அமத்திக்கொண்டிருந்தாள். உள்ளே மற்றப் பெண்கள் அழ, இவள் மட்டும் போனும் கையுமாக இருந்ததை நாலு பேர் முறைத்துப் பார்த்தார்கள்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் போன்களை நிறுத்தச் சொல்லி மௌலவி அறிவித்திருக்கிறார். சொன்ன சொல்லைக் கேட்பதில் மீராமுகைதீனை மிஞ்ச ஆளில்லை. நிறுத்திவிட்டார். திரும்பப் போடச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை, அதனால் போடவுமில்லை.

அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பி வந்து பந்தலில் இருந்தார்கள். இன்பாஸ் தன் வாப்பாவின் மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு விம்மி விம்மி அழுதான். மீராமுகைதீன் அவனையும் பார்த்தார், மோட்டார் சைக்கிளையும் பார்த்தார். சீலைக்குப் பின்னால் அஸீஸா போனை அமத்தினாள். எடுபடவில்லை. மறுபடியும் அமத்தினாள்.

“அழுது என்ன, மையித்து எழும்பியா வரப்போகுது,” என்றார் அவர், எல்லோருக்கும் கேட்க. “அது சரி, இந்தச் சைக்கிள விக்கிறயா, வெச்சிருக்கிறயா?”

இன்பாஸ் எழும்பினான். அவர் முன்னால் வந்து நின்றான்.

“மாமா, நீங்க இந்த வாசலை விட்டுப் போங்க.”

அவர் போகவில்லை, கோபிக்கவுமில்லை. கேட்டதற்குப் பதில் வராததால் மறுமொழிக்காகக் காத்திருந்தார். அவன் அவருடைய சட்டையைப் பிடிக்கப் போகிறான் என்று அஸீஸாவுக்குத் தெரிந்துவிட்டது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆண்கள் நடுவில் போய் நின்றாள். மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. இனி மறைத்து ஒன்றும் ஆகாது.

“மகன், மாமாவ ஏசாதங்க,” என்றாள். “அவருக்கு வருத்தம், மூளையில. நீங்க அழுறது அவருக்குத் தெரியும். ஏன் அழுறீங்க எண்டு தெரியா. மறைச்சது நான்.”

சிலர் அவரைப் புதுசாகப் பார்த்தார்கள், சிலர் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். இரண்டையும் அஸீஸா கண்டாள்.

உள்ளே விதவைக்குரிய இத்தா இருக்கத் தொடங்கியிருந்த சல்மா உம்மா அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினாள். அபுல் ஹஸன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்த காக்கா, அவளுடைய அண்ணன் மீராமுகைதீன், நோயாளிக்கு வைத்திருந்த முந்திரிகைப் பழத்தை எல்லாம் தின்றுவிட்டு ஒரு வார்த்தையும் கேட்காமல் போனார். அன்றிலிருந்து அவளுக்குக் காக்காவோடு மனதுக்குள் கோபம்.

“அப்ப காக்கா என்னை வெறுக்கல்ல,” என்றாள் சல்மா உம்மா. பிறகு, “கலியாணத்தப் பத்தி இப்ப கேக்காதங்க மதினி. எனக்கு ஒண்டும் யோசிக்க ஏலா,” என்றாள்.

அஸீஸா கேட்கவில்லை. புறப்படும்போது இன்பாஸ் மாமாவின் செருப்பைத் தேடி எடுத்துக் காலடியில் போட்டான். முகத்தைப் பார்க்கவில்லை. அதை என்னவென்று எடுத்துக்கொள்வதென்று யோசிக்கவும் அவளுக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்து குசினி வாசற்படியில் இருந்ததும் அழுகை வந்தது. அபுல் ஹஸனுக்காக, சல்மாவுக்காக, றிஸ்னாவுக்காக, எல்லாவற்றுக்கும் மேலாக, கூட அழுவதற்கு ஒருவர் இருந்து இல்லாமல் போன தனக்காக. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மீராமுகைதீன் வந்து பக்கத்தில் நின்றார். தலையைக் குனிந்தார். அவள் தோளில் கையை வைத்தார்.

“சபூர் செய்யுங்க, அல்லாஹ் லேசாக்குவான்,” என்றார். ஒரு சொல்லும் பிசகவில்லை.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, எப்போதும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

“போதுமா? கைய எடுக்கவா?”

“இல்ல,” என்றாள் அஸீஸா. “இன்னும் கொஞ்சம் வெச்சிருங்க.”

அவர் வைத்திருந்தார்.