போர்வைக்குள் ஒரு பைக்

பழைய வண்டி வாங்குகிறவர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பதரைக்கே என் மனைவி, துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற குப்பியோடு பைக் நிற்கிற மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றாள். விற்றே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவளும் அவள்தான்.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. வெயில் நாளில் என் பைக் சொன்ன பேச்சைக் கேட்கும். தூறல் விழுந்தால் இருமி, நடுரோட்டில் படுத்துவிடும். கார்புரேட்டரைக் கழுவினேன், பிளக்கைப் புதிதாகப் போட்டேன், என்ஜினுக்குப் பாலித்தீன் பைகூடக் கட்டினேன். போன வாரம் வாடிக்கைக்காரர்களுக்காக அவள் தேய்த்து மடித்த பதினெட்டுச் சட்டைகளோடு இருவரும் வண்டியைச் சேற்றில் தள்ளிக்கொண்டு வந்தோம். பதினெட்டையும் மறுபடி தேய்த்தாள். எனக்கோ வண்டியைக் கொடுக்க மனமில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னோடு இருக்கிறது.

“என்ன நோய்னு தெரியாமயே அனுப்புறதா? ஸ்டார்ட் பண்ணுங்க. அயர்ன்பாக்ஸ் ஒயர்ல கீறல் விழுந்தப்ப, ஈரக் கையில தொட்டாத்தான் சுர்ருன்னுச்சு. காஞ்ச கைக்கு ஒண்ணுமே தெரியல. இதுலயும் நனைஞ்சா எங்கயோ கரண்ட் கசியுது போல,” என்றாள்.

கிளப்பினேன். வெளிச்சத்தில் பொறி தெரியாதென்று, ஓடுகிற என்ஜின் மேல் போர்வையைப் போட்டாள். இருவரும் தலையை நுழைத்தோம். அவள் ஒவ்வோர் இடமாகத் தெளித்தாள். பிளக் மூடியில் ஈரம் பட்டதும், மயிரிழை விரிசல் ஒன்றிலிருந்து நீலப் பொறி என்ஜின் இரும்புக்குத் தாவியது. வண்டி இருமியது.

“இந்தத் துக்கடா மூடிக்கா நான் பதினெட்டுச் சட்டை மறுபடி தேச்சேன்?” என்று என் முதுகில் ஓர் அறை வைத்தாள். நான் ஆசையாகக் கட்டிய பை, ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்திருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.

“வீட்ல யாருங்க?” வியாபாரி வந்துவிட்டார். போர்வைக்கு வெளியே தெரிந்த நான்கு கால்களைப் பார்த்துத் திகைத்திருக்க வேண்டும்.

என் மனைவி தலையை நீட்டினாள். “அண்ணே, சட்டுனு உள்ள வாங்க.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து நுழைந்தார். குப்பி பீய்ச்சியது, பொறி தாவியது.

“அட! இன்னொரு தடவை அடிங்கம்மா.”

அடித்தாள். அவர் குழந்தைபோல் சிரித்தார். பிறகு தொண்டையைச் செருமினார். “சரி, வண்டியக் குடுக்குறீங்களா, இல்லையா?”

அவள் பக்கம் திரும்பினேன்.

“புது மூடி போட்டு, மழையில ஒரு சுத்து போயிட்டு வந்து சொல்றோம்ணே,” என்றவள் மறுபடி குப்பியை அழுத்தினாள். அந்தத் துளி வெளிச்சத்தில் அவள் மூக்கு நுனி மட்டும் தெரிந்தது. அதில் கிரீஸ் ஒட்டியிருந்தது.