மூன்று கடை ரொட்டி

...இந்தக் காலத்து ஆட்களுக்கு நாக்கில் எங்கே ருசி இருக்கிறது, எல்லாம் கண்ணில்தான் இருக்கிறது, கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சையும் சிவப்புமாக அடுக்கிவிட்டால் போதும், என்ன ஏது என்று கேட்காமல் வரிசையில் நின்று வாங்கித் தின்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கார்மேகம் ரொட்டியைப் பிரித்துப் பார்த்தார், கேரட் துருவல், கொத்தமல்லித் தழை, அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ பூச்சு, இது என்ன கறி, எவனைக் கேட்பது, கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுவானா... "கோழி ஈரல்ண்ணே, நான் கேட்டுட்டேன்" என்றான் பேக்கரி வேன் ஓட்டும் கௌஸ் முகம்மது, வாய் நிறைய மென்றபடி, "அந்தக் கோழியே எந்திரிச்சு வந்து சத்தியம் பண்ணாலும் நீங்க நம்ப மாட்டீங்க." நம்ப மாட்டார்தான். உள்ளே இருந்ததை வழித்து அவன் தட்டில் தள்ளிவிட்டு வெறும் ரொட்டியில் ஒரு கடி கடித்தார். சத்வாவில் இது முதல் கடை, இன்னும் தேராவில் ஒன்று, பர் துபாயில் ஒன்று, மூன்றையும் தின்று பார்த்து எது நல்ல ரொட்டி, அதை நம் பேக்கரியில் போட முடியுமா என்று மத்தியானத்துக்குள் சொல்ல வேண்டும், மேனேஜர் பத்மநாபன் உத்தரவு. ஏதோ ஓட்டல்காரன் வியட்நாம் ரொட்டி கேட்கிறானாம், பான் மீ என்று பேராம். முடியும் என்றால் வேலை நிற்கும், முடியாது என்றால் அடுத்த மாதம் முடிகிற விசாவைப் புதுப்பிக்க மாட்டார்கள், இதை அந்த ஆள் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லவா வேண்டும், இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஓவன் முன்னால் நின்று வட்டமான அரபிக் குபூஸும் நீளச் சமூன் ரொட்டியும் போட்டவனுக்கு, அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற விதத்திலேயே தெரியாதா.

தேராவுக்குப் போகிற வழியில் வேன் நகரவே இல்லை, நகராத வேனில் போன வாரம் முழுக்க ஞாபகத்துக்கு வந்தது, நாலு நாள் அந்த வியட்நாம் ரொட்டியைப் போட்டுப் பார்த்தார், மாவை இளக்கிப் பிசைந்தார், ஆவி வரட்டும் என்று தட்டில் தண்ணீர் ஊற்றி அடியில் வைத்தார், ஓவன் சூடு இறங்கியதுதான் மிச்சம், ரொட்டியை மேஜையில் தட்டிப் பார்த்துவிட்டு பத்மநாபன் சொன்னார், "இதை வச்சு செவுரு கட்டலாம் கார்மேகம்." எல்லோரும் சிரித்தார்கள், இவரும் கூடவே சிரித்தார், ஏன் சிரித்தோம்... தேரா ரொட்டியைக் காதருகே வைத்து அழுத்தினார், காய்ந்த சருகு மாதிரி சத்தம், சத்வாவிலும் இதே சத்தம்தானே, திருப்பினால் அடியில் வரிசையாகப் புள்ளி, மேலே மூன்று கீறல், மூன்றும் ஒரே இடைவெளி. பர் துபாய் கடையிலும் அதே புள்ளி, அதே மூன்று கீறல். மனுஷன் கை இப்படிக் கீறாது, இவர் கையில் பத்து ரொட்டிக்குப் பத்து விதமாக விழும், ஊரிலிருந்து மனைவி நாகவள்ளி போனில் அழுத மறுநாள் எல்லாமே கோணல். "என்னண்ணே, ரொட்டிக்கு ஜோசியம் பாக்குறீங்களா?" என்ற கௌஸை அடுப்படிக்குள் விட்டு விசாரிக்கச் சொன்னார், அவன் பின்னாலேயே இவரும் போனார், யார் சொல்லை நம்புவது. ஃப்ரீசர் நிறைய அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் அரைவேக்காட்டில் வெளுத்துப்போய் உறைந்த ரொட்டிகள், ஒரு பிலிப்பைன்ஸ்காரி நாலை எடுத்துக் குட்டி ஓவனில் வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டுத் தலையை வாரிக்கொண்டிருந்தாள், ஏழு நிமிஷம், கீங் என்றது, மூன்று கடைக்கும் ஒரே பெட்டிதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

வாசலுக்கு வந்து மிச்ச ரொட்டியோடு நின்றார். பெட்டியில் வருகிறது என்று சொன்னால் பத்மநாபன் பெட்டியை வாங்கிவிடுவார், பெட்டி வந்தால் இவர் எதற்கு, மறைத்துவிட்டு நானே போடுகிறேன் என்றால் எதை வைத்துப் போடுவது, மறுபடியும் செங்கல்லா, கௌஸிடம் வாயைத் திறக்காதே என்று கேட்கலாமா, இந்த வயசில் அவனிடம் போய்... கௌஸின் மொபைல் அடித்தது, அவன் பார்த்துவிட்டு இவரிடமே நீட்டினான். "மூணும் ஒரே ரொட்டிதான் சார், பொட்டியில வருது" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. "தெரியும்" என்றார் பத்மநாபன். "நேத்தே எனக்கு சாம்பிள் வந்துருச்சு. நான் சொன்னா நம்புற ஆளா நீங்க? அதான் நேர்ல போய்ப் பாருங்கன்னு அனுப்பினேன். எத்தனை நிமிஷம் வைக்கிறாங்கன்னு கேட்டுட்டு வந்துருங்க." சார், விசா... என்று இழுத்தார். "பாப்போம் பாப்போம், முதல்ல வாங்க." வைத்துவிட்டார். பார்ப்போம் என்றால் என்ன, ஏழு நிமிஷம் பொத்தான் அமுக்க ஆள் வேண்டும் என்றா, அதற்கு இவர் வேண்டாம் என்றா, யாரைக் கேட்பது, கேட்டால் மட்டும்...

"என்னண்ணே சொல்றாரு?" என்றான் கௌஸ். "அதெல்லாம் ரொட்டியே இல்ல பாய்" என்று சொல்லிவிட்டுக் கடை வாசலிலிருந்து இறங்கி நடந்தார், வேன் நின்ற பக்கம்கூட இல்லை, படகுத்துறைப் பக்கமாக, பின்னால் அவன் கூப்பிடுவது கேட்டது. கையைத் தட்டிவிட்டுக்கொள்ளப் போனபோதுதான் பார்த்தார், கையில் ஒன்றுமில்லை, போன் பேசும்போதே முழுக்கத் தின்றிருக்கிறார், கடைசித் துண்டு வரை, எப்போது... நன்றாகவா இருந்தது? காலையிலிருந்து டீயும் ஒரு கடி ரொட்டியும்தானே, பசியில் எதுவும் அப்படித்தான் இருக்கும், நாக்கை எப்படி நம்புவது என்று நினைத்துக்கொண்டே வெயிலில் நடந்தார்.