ஏரிக்குப் போன வண்டி

துபாயின் சத்வா வட்டாரத்தில் தையல் சாமான் கடை வைத்திருந்த சதக்கத்துல்லாவுக்கு அந்த ஊரில் பதினொரு வருஷம் வண்டி ஓட்டிய கெத்து இருந்தது. மலையில் ஓட்டுவதற்கு அதைத் தவிர வேறு தகுதி கிடையாது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். துபாய்க்காரனுக்கு ஆகஸ்டு மாதத்தில் ஓமானின் சலாலாதான் அக்கரை. சுற்றிலும் பாலைவனம் கொதிக்கும்போது அந்த ஊர் மலைகள் மட்டும் தூறலும் மூடுபனியும் காடுமாகக் கிடக்கும். 2007-இல் மனைவி ருக்கையாவையும் ஐந்து வயது மகள் நஜீஹாவையும் கூட்டிக்கொண்டு அந்தப் பச்சையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். மலைக்குச் சொந்தக் கார் ஆகாதென்று நண்பர் முகம்மது யூசுபின் பழைய ஜீப்பை இரவல் வாங்கியிருந்தார்.

காலையிலிருந்து எல்லாம் நன்றாகத்தான் போனது. காட்டுக்குள் சேற்றுப் பாதை, இடையிடையே குளங்கள், வழியை மறித்துக்கொண்டு நகர மறுத்த ஒட்டகங்கள். வழியில் ஒரு டீக்கடையைக் கண்டதும் சதக்கத்துல்லா சத்வாவில் செய்வதைப்போலவே இறங்காமல் ஹாரன் அடித்தார். இரண்டு குட்டை, ஒரு நீளம். டீ ஜன்னலுக்கே வந்தது.

"இறங்கிப்போய் வாங்குனா கால் தேஞ்சிருமா?" என்றாள் ருக்கையா.

"இங்கெ எல்லாரும் இப்படித்தான்," என்றார் அவர். அதுவும் உண்மைதான்.

மூன்று மணி வாக்கில் பாதை ஒரு சரிவின் தலையில் வந்து முடிந்தது. கீழே ஏரி, பக்கத்தில் எங்கோ அருவி இரைந்துகொண்டிருந்தது. நஜீஹா பின்சீட்டில் தூங்கிவிட்டிருந்தாள். அவள் குடித்துப்போட்ட மாம்பழ ஜூஸ் டப்பாவை வெளியே வீசிவிட்டுச் சதக்கத்துல்லா இறங்கினார்.

"அந்தப் பக்கம் பாதை இருக்கான்னு பாத்துட்டு வந்துருவோம். அஞ்சே நிமிஷம்."

"புள்ள?"

"தூங்கட்டும். ஏசி ஓடுதுல்ல."

எஞ்சினை அணைக்காமல் இறங்குவது வளைகுடாவில் எல்லாருக்கும் உள்ள வியாதி. வெயிலில் பழகிய கை குளிரிலும் சாவியைத் திருகாது.

நூறடிகூட நடந்திருக்கமாட்டார்கள். இட்லிப் பானையைத் திறந்ததுபோல் மலையிலிருந்து பனி இறங்கி மூடியது. திரும்பிப் பார்த்தார்கள். ஜீப்பைக் காணோம். எஞ்சின் சத்தத்தை அருவி விழுங்கிவிட்டது.

"நஜீ..." என்று ருக்கையா வாயெடுத்தாள். அவர் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினார்.

"கூப்பிடாதெ! குரலைக் கேட்டா முழிச்சு இறங்கி வந்துருவா. கீழெ தண்ணி."

பெற்ற பிள்ளையை வாய்விட்டுக் கூப்பிட முடியாத கொடுமை எதிரிக்கும் வரக்கூடாது. இருவரும் கையைக் கோத்துக்கொண்டு, காலால் தடவித் தடவி நடந்தார்கள். சட்டென்று ருக்கையா நின்றாள்.

"ஏங்க, ஹேண்ட்பிரேக் போட்டீங்கள்ல?"

அவருடைய சொந்தக் கார் ஆட்டோமேட்டிக்; பார்க்கிங்கில் தள்ளிவிட்டு இறங்கினால் போதும், சமதளமான துபாயில் ஹேண்ட்பிரேக்கை யார் தொடுகிறார்கள்? யூசுபின் ஜீப் அப்படியல்ல, பிரேக் போடாவிட்டால் உருண்டுவிடும். கியரை நியூட்ரலில் தள்ளியது நினைவிருந்தது. ஜூஸ் டப்பாவை எடுத்தது நினைவிருந்தது. பிரேக்கை இழுத்தது மட்டும் வலது கைக்கு நினைவில்லை.

"போட்டேன்," என்றார்.

ருக்கையாவின் உதடுகள் மட்டும் ஓதிக்கொண்டிருந்தன.

காலில் ஏதோ நசுங்கியது. குனிந்து பார்த்தார். மாம்பழ ஜூஸ் டப்பா. ஜீப் நின்ற இடம் இதுதான். ஜீப் இல்லை. ஈர மண்ணில் டயர்த் தடம் இரண்டும் டப்பாவைத் தாண்டிச் சரிவில் இறங்கிப் போயிருந்தன.

யா அல்லாஹ், என் உயிரை எடுத்துக்கொள், அவளை விட்டுவிடு. அவருக்கு வேறெதுவும் ஓதத் தோன்றவில்லை. ருக்கையா அவர் கையை உதறிவிட்டுத் தடத்தின்மேலேயே ஓடினாள்.

அப்போதுதான் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நீளம்.

மறுபடியும் இரண்டு குட்டை, ஒரு நீளம்.

சத்தத்தை நோக்கி விழுந்தும் எழுந்தும் ஓடினார்கள். ஜீப் ஏரிக்குள் மூக்கை நுழைத்து நின்றது. முன்சக்கரத்தை ஒரு பாறை தடுத்திருந்தது. பாறைக்கு அப்பால் தண்ணீரின் நிறமே கருப்பு. ஓட்டுநர் சீட்டில் முட்டிபோட்டுக்கொண்டு நஜீஹா இரண்டு கையாலும் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தாள். சதக்கத்துல்லா முழங்கால் தண்ணீரில் நின்று கதவைத் திறந்து அவளை வாரி எடுத்தார்.

"வாப்பா, ஜீப் தானா நடந்துச்சு," என்றாள் அவள். "டொம்முன்னு இடிச்சுச்சு. இறங்கலாம்னு பாத்தேன். அப்புறம் ஹாரன் அடிச்சா ஆள் வருவாங்கள்லன்னு உக்காந்து அடிச்சேன்."

அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ருக்கையா அழவில்லை. ஜீப்புக்குள் எட்டிக் கையை நீட்டி, கீழே கிடந்த ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து மேலே இழுத்தாள். அது கரகரவென்று பல் பல்லாக ஏறும் சத்தம் முழுவதையும் அவர் கேட்டார்.

"போட்டேன்னு சொன்னீங்க," என்றாள்.